சிலுவையில் பொன்னைக் கண்ட கண்கள்

பிரெஞ்சு நாவலாசிரியர் பால்சாக் 1833இல் வெளியிட்ட 'யூஜெனி கிராந்தே' நாவலில் ஒரு மரணப்படுக்கைக் காட்சி உண்டு. நோயில்பூசுதல் வழங்கப் பங்குக்குரு வருகிறார். மணிக்கணக்காக ஒளியிழந்து கிடந்த முதியவர் கிராந்தேயின் கண்கள், சிலுவையையும் வெள்ளி மெழுகுவர்த்தித் தண்டுகளையும் கண்டதும் உயிர்பெறுகின்றன. முத்தி செய்யும்படி நீட்டப்பட்ட பாடுபட்ட சுரூபத்தை, அதன் பொன்முலாமுக்காகவே பற்றிப் பிடிக்க முயல்கிறார். அம்முயற்சியிலேயே உயிர் பிரிகிறது.

இது மிகைப்படுத்தல் என்று ஒதுக்குவோர் உண்டு. முந்தைய பக்கங்களைப் பொறுமையாக வாசித்தவர் அப்படிச் சொல்லமாட்டார். சோமூர் நகரில் பீப்பாய் செய்து பிழைத்த கிராந்தே, பிரெஞ்சுப் புரட்சிக்காலத்தில் விற்பனைக்கு வந்த திருச்சபைச் சொத்துகளை மலிவாக வாங்கிச் செல்வரானவர். ஆயினும் ஆடம்பரம் அறியாதவர். சர்க்கரையையும் மெழுகுவர்த்தியையும் தாமே அளந்து கொடுப்பார். நவம்பர் பிறக்கும்வரை குளிருக்குத் தீ மூட்ட விடார். இரவில் தனியறையைப் பூட்டிக்கொண்டு பொன்னோடு விழித்திருப்பார். நோன்பு, விழிப்பு, தனிமை! துறவியின் ஒழுங்குகள் யாவும் அவரிடம் உள்ளன, ஆண்டவர்தாம் வேறு. பேராசையைச் சிலைவழிபாடு எனப் புனித பவுல் கொலோசையருக்கு எழுதியதன் பொருளை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கதையை நாம் வாசித்ததில்லை. ஊதாரி கெடுவதை ஊர் உடனே காண்கிறது. கிராந்தேயையோ ஊர் மதிக்கிறது. தன் பொற்காசுகளை இடருற்ற உறவினனுக்கு ஈந்த ஒரே மகளை அவர் அறையில் அடைத்து, ரொட்டியும் தண்ணீருமே கொடுக்கும்போதுதான் முணுமுணுப்பு எழுகிறது.

ஓரிடத்தில் நாம் பால்சாக்குடன் உடன்படோம். இறக்கும் கிராந்தே, மறுவுலகில் தமக்குக் கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்று மகளைப் பணிக்க, கிறிஸ்தவமே கருமிகளுக்கு ஏற்ற சமயம் என்று ஆசிரியர் குத்துகிறார். கணக்குக் கேட்கும் இறைவனின் இருக்கையில் கிராந்தே தாமே அமர்ந்துகொண்டதை அவர் கவனியாது விட்டார். எனினும் அக்குத்து நம்மைத் தைக்காமலும் இல்லை. நேர்ச்சையை முதலீடாகவும் வரத்தை வட்டியாகவும் எண்ணும் வேண்டுதல்கள் நம் பங்குகளில் இல்லையா? (ஆலயத்து மின்விசிறியின் இறக்கையிலும் உபயகாரர் பெயர் எழுதும் வழக்கத்தை இங்கே விரிக்கவில்லை.)

தந்தைக்குப்பின் யூஜெனி முதியோர் இல்லமும் சிறுவருக்குக் கிறிஸ்தவப் பள்ளிகளும் நிறுவுகிறாள். அவளது கொடையில் குறை காண்பதற்கில்லை. ஆனால் தன் அறையில் அவள் தீ மூட்டுவதோ, தந்தை முன்பு அனுமதித்த நாள்களில் மட்டுமே.