ஒரே லேப்டாப்பில் ரெண்டு ராஜ்ஜியம்

பவர் பட்டனை அமுக்கியதும் கறுப்புத் திரையில் வரிசையாகச் சில வரிகள் வரும். மேலே லினக்ஸ் மின்ட், கீழே விண்டோஸ். அம்புக்குறியை மேலும் கீழும் நகர்த்தி, எது வேண்டுமோ அதில் என்டர் தட்ட வேண்டியதுதான். இத்தனை வருஷம் கம்ப்யூட்டரோடு புழங்கியதில் இந்த ஒரு திரை தந்த சந்தோஷத்தை வேறு எதுவும் எனக்குத் தந்ததில்லை. சேரன்மகாதேவியில் டிடிபி வேலை பார்க்கும் ஒவ்வொருவரும் இதைச் செய்துகொள்ள வேண்டும் என்று கடைக்கு வருகிற எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் தொழிலின் நிலைமை தெரிந்தால்தான் இந்த உற்சாகம் புரியும். கோயில் கொடை நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் இன்றைக்கும் பெரும்பாலும் பேஜ்மேக்கரில்தான் ஓடுகின்றன. பல வருஷத்துக் கொடை நோட்டீஸ்கள் அந்த ஃபைல்களாகவே கிடக்கின்றன. வரிதாரர் பெயர்களை மாற்றி, தேதியைத் திருத்திக் கொடுத்தால் வேலை முடிந்தது. பேஜ்மேக்கருக்கு யூனிகோட் தமிழ் தெரியாது. வானவில், பாமினி மாதிரிப் பழைய எழுத்துருக்கள்தான் அதற்குப் பழக்கம். அதனால் விண்டோஸை விட முடியாது. அந்த விண்டோஸ் 10க்கோ 2025 அக்டோபர் 14 அன்று வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் நின்றுவிட்டன. விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 சிப் என் பழைய லேப்டாப்பில் இல்லை.

இங்கேதான் ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டம் வைத்துக்கொள்ளும் டூயல் பூட் கைகொடுக்கிறது. விண்டோஸுக்கு இன்டர்நெட் இணைப்பையே துண்டித்துவிட்டேன். அது பேஜ்மேக்கருக்கு மட்டும். மெயில், வாட்ஸ்அப்பில் வரும் போட்டோக்கள், பேங்க் வேலை என்று வெளியுலகத்தோடு தொடர்புள்ள அத்தனையும் லினக்ஸில். ஒன்றை வைத்துக்கொள்ள இன்னொன்றைத் தியாகம் செய்ய வேண்டியதில்லை. எவ்வளவு பெரிய நிம்மதி!

இது நம் ஊருக்குப் புதுசும் இல்லை. 2011 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்தநாளில், முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த இலவச லேப்டாப் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். அரசு நிறுவனமான எல்காட் வாங்கிக் கொடுத்த ஆரம்பகால லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. டெபியனை அடிப்படையாக வைத்து, நம் நாட்டு மொழிகளுக்காக சி-டாக் உருவாக்கியது அது. தாமிரபரணிக் கரையில் பிளஸ் டூ படித்த பிள்ளைகளின் கைக்கு இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டம் உள்ள கம்ப்யூட்டரை அரசாங்கமே கொடுத்திருக்கிறது! பலர் அந்த இரண்டாவது வரியைத் திறந்தே பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

செய்வது கஷ்டமா என்றால், இல்லவே இல்லை. ஆனால் ஆரம்பத்தில் நிதானம் வேண்டும். ஃபைல்களை எல்லாம் முதலில் வேறு ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வைத்துவிடுங்கள். பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் ரெக்கவரி கீ கையில் இருக்க வேண்டும். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று உண்டு. அதைக் கட்டாயம் அணைக்க வேண்டும். அது இருக்கிற வரைக்கும் நீங்கள் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடாது, அரைத்தூக்கத்தில்தான் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸிலிருந்து சி டிரைவைத் திறந்தால் படிக்கத்தான் முடியும், எழுத முடியாது. பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டுக்குப் போய் சி டிரைவைச் சுருக்கி, 100 ஜிபி அளவுக்கு இடத்தைக் காலியாக விடுங்கள். மின்ட்டின் ஐஎஸ்ஓ ஃபைலை இறக்கி, ரூஃபஸ் என்ற நிரலை வைத்துப் பெண்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்ய வேண்டும். சார்ஜர் செருகியே இருக்கட்டும். நம் ஊர் கரன்ட்டை நம்ப வேண்டாம்.

பெண்டிரைவிலிருந்து பூட் ஆனதுமே மின்ட் முழுசாக ஓட ஆரம்பித்துவிடும். இன்ஸ்டால்கூடச் செய்திருக்க மாட்டோம். வைஃபை கிடைக்கிறதா, சத்தம் வருகிறதா, பிரின்டர் பேசுகிறதா என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் மட்டும் இன்ஸ்டால் பட்டனைத் தொடலாம். வேறு எந்தச் சாமானை இப்படி ஓட்டிப் பார்த்து, காசும் கொடுக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோக முடியும்? விண்டோஸ் ஏற்கெனவே இருப்பதை இன்ஸ்டாலரே கண்டுபிடித்து, அதன் பக்கத்திலேயே நிறுவட்டுமா என்று கேட்கிறது. ஆமாம் என்றால் போதும்.

உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டதும் எனக்கு இன்னும் பிரமிப்பாகிவிட்டது. யூஇஎஃப்ஐ உள்ள லேப்டாப்களில் பூட் ஃபைல்களுக்கென்றே ஒரு சின்னப் பார்ட்டிஷன் இருக்கிறது. அதில் மைக்ரோசாஃப்ட்டுக்கு ஒரு ஃபோல்டர், லினக்ஸுக்கு ஒரு ஃபோல்டர். ஒன்றின் ஃபோல்டருக்குள் இன்னொன்று கை வைக்காது, ஒரே முற்றத்தைச் சுற்றித் தனித்தனி அடுப்பு வைத்துக் குடியிருக்கும் பங்காளிகள் மாதிரி. செக்யூர் பூட்டைக்கூட அணைக்க வேண்டியதில்லை. ஷிம் என்ற சின்ன நிரல் மைக்ரோசாஃப்ட்டின் டிஜிட்டல் கையொப்பத்தோடு வந்து லினக்ஸுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது!

சில லேப்டாப்களில் லினக்ஸுக்குப் போய்த் திரும்பினால் விண்டோஸ் கடிகாரம் சரியாக 5:30 மணி நேரம் பின்னால் போய்விடும். யாரும் பயப்பட வேண்டாம். மதர்போர்டில் இருக்கும் கடிகாரத்தை லினக்ஸ் கிரீன்விச் நேரமாக வைக்கும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கும். லினக்ஸில் ஒரே வரிக் கட்டளை போட்டால் இரண்டும் ஒத்துப்போகும்.

லினக்ஸுக்குள் போனபிறகு தமிழைப் பார்க்கிற சுகமே தனி. தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டு, லிப்ரேஆஃபீஸிலும் இங்க்ஸ்கேப்பிலும் யூனிகோடிலேயே தட்டுகிறேன். கொம்பும் காலும் இருக்க வேண்டிய இடத்தில் நிற்கின்றன. தட்டியதை அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், கூகுளில் தேடலாம். புதுக் கல்யாணப் பத்திரிகைகளை இப்போது இங்க்ஸ்கேப்பில்தான் செய்கிறேன், பிடிஎஃப்பாகப் பிரஸ்ஸுக்குப் போகிறது. விண்டோஸ் டிரைவில் இருக்கும் பழைய போட்டோக்களையும் லினக்ஸ் சர்வசாதாரணமாகத் திறக்கிறது. விண்டோஸால் லினக்ஸ் பார்ட்டிஷனை அப்படித் திறக்க முடியாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, பொதுவான ஃபைல்களை விண்டோஸ் பக்கமே போட்டு வைக்கிறேன்.

பத்தமடையிலிருந்து ஒரு பையன் அக்காவுடைய பழைய அரசு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அண்ணாச்சி, இதுலயும் அதே மாதிரி போட முடியுமா? அக்கா போட்டோவெல்லாம் போயிருமா?"

"போகாதுடே. மொதல்ல எல்லாத்தையும் பெண்டிரைவ்ல எடுத்து வச்சுருவோம், பொறவு போடுவோம்."

பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டு, ராமை 4 ஜிபி ஆக்கி, அதிலிருந்த விண்டோஸை அப்படியே புது டிஸ்க்குக்கு மாற்றினேன். பக்கத்தில் மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. இப்போது அக்கா ஆன்லைனில் அப்ளிகேஷன் போடுவது லினக்ஸில், தம்பி பழைய கேம் விளையாடுவது விண்டோஸில். உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படி ஒரு லேப்டாப் கிடந்தால் முதலில் தூசியைத் தட்டி சார்ஜில் போடுங்கள். பேட்டரி செத்திருந்தாலும் பரவாயில்லை, பலவும் சார்ஜரிலேயே ஓடும். பெண்டிரைவ் ஒன்று மட்டும் 8 ஜிபிக்குக் குறையாமல் கொண்டு வாருங்கள்.