பாரியின் சுருதியும் மறுவெளியீட்டின் வேகமும்

கார்த்திகைத் தீபத் திருவிழாவில் பஞ்சமூர்த்திகள் மாட வீதிகளை வலம்வரும்போது ஒலிக்கும் நாதசுரத்தையும் தவிலையும் திறந்த வெளியில் கேட்டுப் பழகிய திருவண்ணாமலைச் செவிகளுக்கு, சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி இசைத்தட்டுகளின் மறுவெளியீடுகள் முதலில் ஏமாற்றமே தருகின்றன. பழைய பதிவுமுறையின் எல்லைகள் அதற்கு ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம், பழைய தட்டைப் புதிய வடிவுக்கு மாற்றுவோர் காட்டும் அலட்சியம்.

நாதசுர வித்துவான் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) தோடி ராக ஆலாபனையை எடுத்துக்கொள்ளலாம். கோயில் வீதிகளில் மணிக்கணக்கில் விரிந்த அந்த ஆலாபனை, நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேலாகச் சுருங்க வேண்டியிருந்தது. நின்று நிதானித்து ராகத்தை வளர்க்க இடமில்லாத அந்த நெருக்கடியில், முதற்பிடியிலேயே தோடியை நிறுவி, மேல் ஸ்தாயிக்கு ஏறி இறங்கி முடிக்கும் திட்டம் தனியான ஆற்றலைக் கோரியது. அந்த ஆற்றலை மதிப்பிடத் தட்டின் வேகம் சரியாக இருந்தாக வேண்டும்.

ராஜரத்தினம் பிள்ளை, நான்கு கட்டைக்கு மேல் ஒலித்த குட்டையான திமிரி நாயனத்தை (நாதசுரத்தை) விட்டு, நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி உருவாக்கிய, இரண்டு அல்லது இரண்டரைக் கட்டைச் சுருதியில் அமைந்த நீண்ட பாரி நாயனத்துக்கு மாறியவர். தட்டை நாடாவுக்கும் நாடாவைக் குறுந்தகட்டுக்கும் மாற்றும் ஒவ்வொரு கட்டத்திலும் வேகம் பிறழலாம். நிமிடத்துக்கு நாலரைச் சுற்று கூடினாலே சுருதி ஏறத்தாழ அரைக்கட்டை உயர்ந்துவிடும். அப்போது பாரியின் கனத்த நாதம் மெலிவதோடு, மத்தியமத்தைத் தொட்டு அசைந்து நிற்க வேண்டிய தோடியின் காந்தாரம் வெறும் நடுக்கமாகிறது. பிருகாக்களில் வித்துவானுடையதல்லாத ஒரு விரைவு அவர் பெயரில் ஏறிவிடுகிறது. பதிவான ஆண்டும் தட்டின் எண்ணும் அச்சிடப்படாதபோது, உயர்ந்து ஒலிக்கும் சுருதி திமிரியினுடையதா, பிழையான வேகத்தினுடையதா என்று கேட்பவர் பிரித்தறிய வழியே இல்லை.

இரண்டாவது கேடு இரைச்சல் நீக்கம். அரக்குத் தட்டின் கீறல் ஓசை பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண்களில் தங்குகிறது. நாயனத்தின் வாயில் பொருத்தப்படும் நாணல் இதழான சீவாளியின் கூர்மையும், தவிலின் வலந்தலையில் கூடணிந்த விரல்கள் எழுப்பும் சொற்களின் தெளிவும் அதே இடத்தில்தான் உள்ளன. கீறலை முற்றிலும் துடைத்தால் இவையும் போய்விடும். சற்றே கரகரப்போடு உயிருள்ள நாதம் கிடைப்பது, பஞ்சில் பொதிந்த அமைதியைவிடப் பன்மடங்கு மேல்.

இவற்றோடு மூலப்பதிவின் சிக்கலும் உண்டு. மேலைநாட்டு ஆபெராப் பாடகி மரியா கல்லாஸ் 1953-இல் மிலானில் பாடிய டோஸ்கா ஆபெரா காந்த நாடாவில் பதிவானதால், 2014-இல் லண்டன் அபே ரோடு கூடத்தில் அவருடைய பதிவுகளைப் புதுப்பித்தவர்கள் மூல நாடாக்களுக்கே திரும்ப முடிந்தது. மெழுகில் நேரடியாகப் பொறிக்கப்பட்ட பழைய நாதசுர இசைக்கு அவ்வாறான நாடா கிடையாது. மெழுகிலிருந்து உருவாக்கிய உலோக அச்சும், அதிலிருந்து அழுத்தி எடுத்த தட்டுகளுமே மூலம். அச்சு அழிந்துவிட்டால் சேகரிப்பாளர்களிடம் தேயாமல் எஞ்சிய தட்டே கதி. ஆகவே ஒரே தட்டின் பல படிகளைத் தேடி ஒப்பிட்டு, சேதம் குறைந்ததைத் தேர்ந்து, பின்னணியில் தொடர்ந்து ஒலிக்கும் சுருதி தட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் மாறாதிருக்கிறதா என்று சோதித்து, அக்கால நாயனத்தின் அளவை அறிந்த ஒரு வித்துவானின் துணையோடு வேகத்தை நிலைநிறுத்துவது இங்கே கூடுதல் கடமையாகிறது. ராஜரத்தினம் பிள்ளையின் மாணவரான காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) நாடாப் பதிவு பரவிய காலத்தில் வாசித்தவராதலால் அவருடைய பதிவுகளில் இந்தச் சிக்கல் குறைவு. குருவின் தட்டுகளுக்குத்தான் இந்த உழைப்பு உடனடியாகத் தேவைப்படுகிறது.