பைண்டு செய்தவர்கள் விட்டுவிட்ட அட்டைகள்

கல்பாத்தி, சாத்தபுரம், கோவிந்தராஜபுரம் ஆகிய பாலக்காட்டுக் கிராமங்களில் தமிழ் பேசும் பலர் பள்ளியில் படித்தது மலையாளம். தமிழ் எழுத்து அவர்களுக்குப் பழகியது ஆனந்த விகடனிலும் கல்கியிலும்தான். படித்த இதழை எறிய மனம் வராமல் மச்சில் அடுக்கினார்கள். தொடர்கதை முடிந்ததும் அந்தப் பக்கங்களை மட்டும் பிரித்து பைண்டு செய்வது பல தமிழ் வீடுகளில் இருந்த வழக்கம். 1950இல் கல்கியில் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' அப்படித்தான் மணியத்தின் சித்திரங்களோடு வீடுவீடாகப் பிழைத்தது. அட்டைகள் எடைக்குப் போயின. இன்று பழைய இதழ் சேகரிப்பவர்கள் தேடி அலைவது அந்த அட்டைகளைத்தான்.

அந்த இழப்பு சிறியதல்ல. விகடனுக்கு முகம் கொடுத்தவர் ஓவியர் மாலி. நகைச்சுவைச் சித்திரத்தையே அட்டையில் போடும் வழக்கம் அங்கே நெடுங்காலம் நீடித்தது. மாலியின் வழியில் வந்த கோபுலு (1924–2015) கும்பகோணம் ஓவியப் பள்ளியில் பயின்றவர். புடவைக்கட்டு, குடுமி, ரயில் பெட்டி, கல்யாணப் பந்தல் எதையும் அவர் பொதுவாக வரைந்துவிட்டுப் போகமாட்டார். எந்த ஊர், எந்த வீடு என்று கோடே சொல்லும். அன்றைய நடுத்தர வர்க்கத்தின் வாழ்க்கையை அறிய இதைவிட நல்ல ஆவணம் எனக்குத் தெரியாது. சிறுவர்களுக்கு அம்புலிமாமா. வட்டாதி பாப்பையாவின் வண்ண அட்டைகள் பல மொழிப் பதிப்புகளுக்கும் பொதுவாக இருந்தன. தமிழில் அம்புலிமாமா, மலையாளத்தில் அம்பிளி அம்மாவன். இரண்டு மொழியும் புழங்கிய கல்பாத்தி போன்ற ஊருக்கு இது தனிச் சிறப்பு.

சேகரிப்பில் முன்னோடி கோட்டையூர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர் அவர். அச்சிட்ட எதையும் அற்பமென்று ஒதுக்காததற்கு அந்தத் தொழிலும் காரணமாக இருக்கலாம். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. அதுவே 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. புதுக்கோட்டை ஞானாலயா நூலகத்தில் பழைய இதழ்களின் முதல் பிரதிகள் பல கிடைக்கும்.

பாதுகாப்பதுதான் கடினம். மரக்கூழ்த் தாளில் அமிலம் உண்டு. தானாகவே பழுத்து நொறுங்கும். பாலக்காட்டு மழைக்காலத்தில் இதழின் கம்பிப் பின் துருவேறி அட்டையை அரிக்கும். மிச்சத்தை இராமபாணப் பூச்சி பார்த்துக்கொள்ளும். துருப்பிடித்த பின்னை மெல்லக் கழற்றி, நூலால் தைத்துவிடலாம். அழகுக்காக லேமினேஷன் செய்வது பெரும் தவறு. பின்னால் அதைப் பிரிக்க முடியாது. அட்டையை மட்டும் கத்தரித்துச் சட்டம் போடுவதும் கூடாது. பல அட்டைகளில் ஓவியரின் கையெழுத்து இராது. வரைந்தவர் யார், எந்த வாரம் என்று கண்டுபிடிக்க உள்பக்கங்கள் வேண்டும். முழு இதழாக இருந்தால்தான் மதிப்பு. விளம்பரங்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

கல்பாத்தியின் பழைய வீடுகள் கைமாறிவருகின்றன. ஐப்பசித் தேருக்கு ஊர் வருகிறவர்கள் ஒருமுறை மச்சில் ஏறிப் பாருங்கள். அங்கே கட்டுக்கட்டாக இதழ்கள் இருந்தால், எடைக்குப் போடுமுன் ஒரு நூலகத்துக்குச் சொல்லுங்கள்.