41-ஆவது பிரிவு: நல்ல வாக்கியம், ஒரு ஓட்டை

தமிழ்நாட்டில் வேலை கொடுப்பவரும் செய்பவரும் தெரிஞ்சுக்க வேண்டிய 'அடிப்படைச் சட்டம்' என்று இணையத்தில் சுற்றும் சுருக்கங்களைப் படித்தால், 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் ஏதோ லீவு பட்டியல் மாதிரி தெரியும். நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48, தற்செயல் விடுப்பு 12, நோய் விடுப்பு 12, ஓராண்டு முடிச்சா சம்பளத்தோடு இன்னொரு 12. கொஞ்சம் புதுசா எழுதினதுன்னா, 2021-ல் சேர்த்த 22-ஏ பிரிவும் (ஊழியர் உட்கார இருக்கை தரணும்) இருக்கும். தப்பில்லை. ஆனால் சட்டத்தின் உயிர் 41-ல் இருக்கு. அதை 'ஒரு மாத நோட்டீஸ்' என்று மூணு சொல்லில் முடிச்சுடறாங்க.

மூலத்தைப் படிச்சுப் பாருங்க. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்த ஒருவரை நீக்கணும்னா நியாயமான காரணம் வேணும். கூடவே ஒரு மாத முன்னறிவிப்போ, அதற்கு ஈடான சம்பளமோ தரணும். புரோகிராம் எழுதுகிறவர்களுக்குச் சொன்னால் புரியும்: இது 'ஆண்ட்', 'ஆர்' இல்லை. நம்ம ஆபர் லெட்டரில் 'காரணம் எதுவும் கூறாமல் நோட்டீஸ் கொடுத்து விலக்கலாம்' என்று ஒரு வரி இருக்குமே, அது முதல் நிபந்தனையை விழுங்கிடுது. ஊழியர் அதில் கையெழுத்துப் போட்டுட்டார் என்பதற்காகச் சட்டம் கேட்கிற காரணம் காணாமல் போயிடாது. ஒரு மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்தால் கணக்கு முடிஞ்சதுன்னு நினைக்கிற சின்ன முதலாளிகள் சிக்குவதும் இங்கேதான். ஒழுங்கீனம் என்றால் நோட்டீஸ் தேவையில்லை, ஆனா விசாரணை நடத்திச் சாட்சியத்தைப் பதிவு பண்ணியிருக்கணும்.

சாப்ட்வேர் கம்பெனிக்கு இது பொருந்துமா? 1947-ல் எழுதின வரையறையில் நம்ம தொழில் எப்படி இருக்கும்! ஆனால் வங்கி, இன்சூரன்ஸோடு சேர்த்து 'கூட்டுப் பங்கு நிறுவனம்' என்றும் எழுதி வெச்சிருக்காங்க, அது போதும். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்குச் சட்டம் பொருந்தாது. அதுக்காக விசிட்டிங் கார்டில் 'மேனேஜர்' என்று இருந்தாலே வெளியே தள்ளிட முடியாது, உண்மையில் என்ன வேலை செய்தார் என்றுதான் பார்ப்பாங்க.

நீக்கப்பட்டவர் தொழிலாளர் துறை அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். கெடு 30 நாள். அது சட்டத்தில் இல்லை, 1948 விதிகளில் இருக்கு. சட்டத்தை மட்டும் படிச்சவர் கோட்டை விடுவார்.

இனி ஓட்டை. 41 முழுக்க முதலாளி 'நீக்குவதை'ப் பற்றியே பேசுது. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் யாரையும் நீக்கவே மாட்டாங்க. மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டு, "நீங்களே ராஜினாமா மெயில் அனுப்பிடுங்க, ரிலீவிங் லெட்டர் நல்லபடியா வரும்" என்பாங்க. மெயில் போன அந்த நிமிஷமே காரணம், விசாரணை, மேல்முறையீடு எல்லாம் கையை விட்டுப் போயிடும். மிரட்டி வாங்கினாங்கன்னு நிரூபிக்கலாம்தான், ஆனா அந்த ரூமில் சாட்சி யாரு?

நியாயமான காரணம் என்னன்னு சட்டம் விளக்காமல் விட்டதை நான் குறையாச் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு வழக்கா அதை நிரப்பிக்கலாம். ராஜினாமாவை அப்படி விட முடியாது. 2021-ல் இருக்கைக்காக இந்தச் சட்டத்தைத் திறந்தாங்களே, அப்போதே 41-க்குக் கீழே இன்னொரு உட்பிரிவு சேர்த்திருக்கலாம்: முதலாளி கேட்டு வாங்கிய ராஜினாமாவை ஏழு நாளுக்குள் திரும்பப் பெறலாம் என்று.