சொற்பொருள் விளக்கமும் சொல்லாட்சியும்: ஆங்கிலம் கற்போர் அகராதிகள் குறித்த ஒரு மதிப்பீடு

ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்கிக்கொள்ளச் சொற்பொருள் விளக்கங்களை மனனம் செய்தல் வேண்டும் என்பது நம் கல்விச்சூழலில் பரவலாக நிலவும் கருத்தாகும். மனனம் பயனற்றது என ஒதுக்கிவிடுவதில் இக்கட்டுரைக்கு உடன்பாடில்லை. மனனம் செய்யப்படும் விளக்கம் எத்தன்மையது என்பதே ஆராயத்தக்கது.

கற்போர் அறியாத சொல்லை அவர்கள் அறியாத சொற்களாலேயே விளக்குதல் பழைய அகராதிகளின் குறை. வங்காளத்தில் கல்விப்பணி ஆற்றிய மைக்கேல் வெஸ்ட், எண்டிகாட்டுடன் இணைந்து 1935இல் வெளியிட்ட அகராதி, 1,490 சொற்களைக் கொண்டே ஏறத்தாழ 24,000 பதிவுகளுக்குப் பொருள் உரைத்தது. 1978இல் வெளிவந்த லாங்மன் அகராதியும் ஏறத்தாழ 2,000 சொற்களுக்குள் தன் விளக்கங்களை அமைத்தது. இவ்வகராதிகள் அக்குறையைப் பெரிதும் களைந்தன என்பதில் ஐயமில்லை. எனினும் 'கெட்', 'டேக்' போன்ற சிறுசொற்கள் எண்ணிக்கையில் ஒன்றாயினும் பொருளில் பலவாதலின், கற்போரின் சுமை அதே அளவிற்குக் குறைந்தது எனக் கொள்ள இயலாது.

இதனினும் பெரிய சிக்கல் வேறொன்று. 'கமிட்' என்னும் வினைக்குச் 'செய்' எனப் பொருள் மனனம் செய்த மாணவர், உதவியையும் அவ்வினையாலேயே கூறத் துணிவார். பொருள் பிழையன்று, ஆட்சி பிழை. குற்றம், பாவம் போன்றவற்றோடு மட்டுமே இப்பொருளில் அச்சொல் இயையும் என்பதை 'செய்' என்ற ஒற்றைச்சொல் உணர்த்தவில்லை. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்கிளேர் தலைமையில் உருவாகி 1987இல் வெளிவந்த கோபில்ட் அகராதி, முழுவாக்கியத்தால் பொருள் கூறும் முறையை மேற்கொண்டது இதனாலேயே குறிப்பிடத்தக்கது. 'ஒருவர் குற்றம் ஒன்றைக் கமிட் செய்தால்' என்பதுபோல் தொடங்கும் விளக்கத்தில், சொல்லின் பொருளோடு அது சேரும் சொற்களும் உடன்வருகின்றன. விளக்கம் நீளுகிறது என்பது உண்மையே. ஆயினும் மனனம் செய்யத்தக்கது இதுவே என்பது இக்கட்டுரையின் துணிபு.

நிகண்டு கற்ற மரபினர்க்கு மனனம் புதிதன்று என்று இங்கு மறுக்கப்படலாம். திண்ணைப் பள்ளிகளில் சூடாமணி நிகண்டு மனனம் செய்யப்பட்டது உண்மை. ஆனால் அதன் பதினோராம் தொகுதி, ஒருசொல் உணர்த்தும் பல பொருள்களை எதுகை வரிசையில் தொகுக்கிறது. செய்யுள் இயற்றுவோர்க்கே அவ்வரிசை பெரிதும் பயன்படும். அதனைக் கற்றவர் தமிழை முன்னரே பேசியவர். எச்சொல் எதனோடு இயையும் என்பதை நிகண்டு அவர்க்குக் கற்பிக்க வேண்டியதில்லை. அவ்வறிவு இல்லாத அயல்மொழிக்கு அதே பயிற்சியைப் பெயர்த்து வைத்ததன் விளைவே இருபத்திச் சொற்பட்டியல்.

தமிழ்வழிப் பொருள் கூறுதலே கூடாது என்பது இதன் கருத்தன்று. 'கமிட்' என்பதற்குச் 'செய்' என்பதினும் 'இழை' என்பது நெருங்கிய இணை. தீங்கிழைத்தல், குற்றமிழைத்தல், துரோகமிழைத்தல் என அதுவும் தீயவற்றோடே பெரிதும் இயைகிறது. ஆனால் கொலையைத் தமிழில் 'செய்தல்' என்கிறோமே அன்றி 'இழைத்தல்' என்பதில்லை. ஆங்கிலத்திலோ அதற்கும் 'கமிட்' என்பதே வழக்கு. இவ்விடத்தில் இணைச்சொல்லும் போதாது. எடுத்துக்காட்டு வாக்கியம் தேவைப்படுகிறது.