எஞ்சி நின்ற எச்சம்

சில வருஷங்களுக்கு முன் நண்பர்கள் சிலரிடையே கீட்ஸைப் பற்றிப் பேச நேர்ந்தது. 1819-ல் அவர் நைட்டிங்கேல் பறவையை நோக்கிப் பாடிய கவிதையில் ஃபோர்லார்ன் என்று ஒரு வார்த்தை வருகிறது. 'பரிதாபமான' என்று அர்த்தம் சொல்லிவிட்டு மேலே போய்விட்டேன். வீடு திரும்பிய பிறகு அது உறுத்திற்று. அகராதி என்னைக் குற்றம் சொல்லாது. ஆனாலும் கவி சொன்னது அதுவல்ல.

வார்த்தையின் சரித்திரத்தைப் பார்த்தபோதுதான் தவறு எங்கே என்று புரிந்தது. பழைய ஆங்கிலத்தில் ஃபோர்லேயோசன் என்று ஒரு வினை இருந்தது. அடியோடு இழத்தல், கைவிடுதல் என்று பொருள். அதன் எச்சம் ஃபோர்லோரன். இழக்கப்பட்டது என்று அர்த்தம். வினையிலுள்ள ஸகரம் எச்சத்தில் ரகரமாகியிருப்பதைக் கவனிக்கலாம். இன்றும் ஆங்கிலத்தில் வாஸ், வேர் என்று ஒரே வினை இரண்டு விதமாக ஒலிக்கிறதே, அதுவும் இதே மாறுதலின் தடம்தான். டென்மார்க்கைச் சேர்ந்த கார்ல் வெர்னர் 1870-களில் இதற்குக் காரணம் சொன்னார்.

பிறகு வினை செத்துவிட்டது. எச்சம் மட்டும் எஞ்சிற்று. நம் இலக்கணக்காரர்கள் வைத்த பெயர் இதைவிட எங்கே பொருந்தப்போகிறது! தாய் போன பிள்ளையைப்போல் அந்த எச்சம் இடம் மாறி மாறி வாழ்ந்தது. நெறி கெட்டவன், கைவிடப்பட்டவன், கடைசியில் பரிதாபத்துக்குரியவன் என்று அர்த்தம் நகர்ந்தது. நான் சொன்னது அந்தக் கடைசிப் படியை மட்டுமே.

டச்சுக்காரர்கள் படையின் முன்னே சாகத் துணிந்து போகும் சிறு கூட்டத்தை 'இழந்த கூட்டம்' என்றார்கள். அவர்கள் பாஷையில் கூட்டத்துக்குப் பெயர் ஹோப். ஆங்கிலேயர் காதில் அது நம்பிக்கை என்று விழுந்தது. ஃபோர்லார்ன் ஹோப் என்றாக்கிக்கொண்டார்கள். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டையில் முதலில் ஏறிய சிப்பாய்களுக்கு அதுதான் பெயர். பிற்பாடு 'வீண் நம்பிக்கை' என்றே அர்த்தமாகிவிட்டது.

டிக்கன்ஸ் இந்த வார்த்தையின் பின்பாதியை வைத்துச் சிரிக்கவைத்தார். 1850-ல் முடிந்த 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' நாவலில், கடலோரப் படகு வீட்டில் மிஸஸ் கம்மிட்ஜ் என்ற விதவை இருக்கிறாள். தான் லார்ன் ஆன ஜீவன் என்று ஓயாமல் புலம்புகிறாள். நாமும் சிரிக்கிறோம். ஆனால் வீட்டுப் பெண் எமிலி ஓடிப்போய், பெகாட்டி நிஜமாகவே நொறுங்கிப் போனபோது, அவள் புலம்பலை நிறுத்திவிட்டு அவருக்குத் துணையாக நிற்கிறாள். வார்த்தையைப் பறித்துவிட்டே பாத்திரத்தை உயர்த்தும் இந்த வித்தை நாவலாசிரியர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது.

கீட்ஸிடம் திரும்புவோம். யாரும் போகமுடியாத மாயத் தேசங்களுக்கு அடைமொழியாக அந்த வார்த்தை ஒரு பாட்டின் கடைசியில் வருகிறது. அடுத்த பாட்டு அதே வார்த்தையில் தொடங்குகிறது. அது மணியோசைபோலத் தம்மைத் தம்மிடமே திருப்புகிறது என்கிறார். அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1818 டிசம்பரில், அவர் தம்பி டாம் க்ஷயரோகத்தில் இறந்திருந்தார். தம்பியின் பெயர் கவிதையில் இல்லை. ஆனால் இழக்கப்பட்ட தேசத்தைச் சொன்ன வார்த்தை, இழந்த மனிதனையும் சுட்டிவிடுகிறது.

இதற்குத் தமிழில் வார்த்தை தேடி அலையவேண்டியதில்லை. 'இழந்த நாடு' என்றால் நாடு இழக்கப்பட்டது. 'நாடு இழந்த மன்னன்' என்றால் மன்னன் இழந்தான். ஒரே பெயரெச்சம் இரண்டு பக்கமும் பார்க்கிறது. ஆங்கில எச்சம் பல நூற்றாண்டு அலைந்து பெற்ற இரட்டைப் பொருள் நமக்குப் பிறவியிலேயே இருக்கிறது. பரிதாபம் பார்ப்பவனுடையது, இழப்பு பட்டவனுடையது. அன்று நண்பர்களிடம் 'இழந்த' என்று சொல்லியிருந்தால் போதும்.