போரடிக்கிற ஆட்டக்காரர்

2016ல் இரண்டு பேர் ஓய்வு பெற்றார்கள். கோபி பிரையன்ட் முந்தைய நவம்பரிலேயே ஒரு கவிதை எழுதி அறிவித்துவிட்டார். அதன்பிறகு அந்த சீசன் முழுக்க ஊர் ஊராக வழியனுப்பு விழா. கடைசி ஆட்டத்தில் 60 புள்ளிகள். அந்தக் கவிதையை வைத்து எடுத்த அனிமேஷன் குறும்படத்துக்கு 2018ல் ஆஸ்கர்கூட கிடைத்தது. டிம் டங்கன் ஜூலை 11 அன்று ஓய்வு பெற்றார். சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணி நிர்வாகம் ஒரு செய்திக்குறிப்பு அனுப்பியது. அவ்வளவுதான். 19 சீசன், 1,392 ஆட்டங்கள், 5 சாம்பியன்ஷிப், எல்லாமே ஒரே அணிக்காக. பத்திரிகையாளர் சந்திப்புகூட இல்லை.

கோபி தன் வாழ்க்கையைத் தானே எடிட் பண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார் என்று சொல்லலாம். டங்கன் ரஷஸைக்கூட தரவில்லை. எனக்கு இதில் இருக்கிற கேள்வி கூடைப்பந்தைப் பற்றியது மட்டும் இல்லை. ஒரு வாழ்க்கையை நாம் எப்படிப் படிக்கிறோம், எதைக் கதை என்று ஒப்புக்கொள்கிறோம் என்பதும்தான்.

டங்கனைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து நிற்கிற சொல் 'போரிங்'. அமெரிக்க நையாண்டிப் பத்திரிகையான தி ஆனியன் இதையே ஒரு தொடர் ஜோக்காக வைத்திருந்தது. ஷக்கீல் ஓ'நீல் வைத்த பட்டப்பெயர் 'தி பிக் ஃபண்டமென்டல்', அதாவது அடிப்படைப் பாடமே ஆள் உருவம் எடுத்து வந்தவர். பாராட்டுதான். ஆனால் அதைக் கேட்டு எந்தச் சிறுவனாவது போஸ்டர் வாங்குவானா? ஸ்பர்ஸ் ஜெயித்த 2007 இறுதித் தொடர், அதுவரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் மிகக் குறைவாகப் பார்க்கப்பட்ட இறுதித் தொடர்களில் ஒன்று.

விளையாட்டு வாழ்க்கைக் கதைக்கு ஒரு டெம்ப்ளேட் இருக்கிறது: காயம், கோபம், பழிவாங்கல். 2020ல் வந்த 'தி லாஸ்ட் டான்ஸ்' ஆவணப்படத்தைப் பாருங்கள். பத்து எபிசோடும் மைக்கேல் ஜோர்டானை யாரோ ஒருவர் அவமதித்ததில் தொடங்கி, ஜோர்டான் அவரை நொறுக்கியதில் முடிகின்றன. தயாரிப்பில் ஜோர்டானின் சொந்த நிறுவனத்துக்கும் பங்கு இருந்தது. நானும் இரண்டே நாளில் பார்த்து முடித்தேன், பொய் சொல்ல மாட்டேன். நம் மாஸ் ஹீரோ படத்தின் ஃபிளாஷ்பேக்குக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், ஃபிளாஷ்பேக் சரக்கு டங்கனிடம்தான் அதிகம். பிறந்தது கரீபியன் கடலில் உள்ள செயின்ட் க்ராய் என்ற சிறு தீவில், 1976ல். அவர் முதலில் நீச்சல்காரர். 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல். அக்கா ட்ரிஷியா 1988 சியோல் ஒலிம்பிக்கில் நீந்தியவர். 1989 செப்டம்பரில் ஹ்யூகோ புயல் வந்து, தீவில் இருந்த ஒரே ஒலிம்பிக் அளவு நீச்சல்குளத்தை அழித்துவிட்டது. கடலில்தான் இனி பயிற்சி என்றார்கள். பையனுக்குச் சுறா என்றால் பயம், போகவில்லை. அடுத்த ஏப்ரலில், அவருடைய 14வது பிறந்தநாளுக்கு முந்தின நாள், அம்மா மார்பகப் புற்றுநோயில் இறந்துபோனார். மருத்துவச்சியாக வேலை பார்த்தவர். நீச்சல் அத்தோடு முடிந்தது. ஒன்பதாம் வகுப்பில்தான் கூடைப்பந்து தொடங்குகிறது.

இதை ஒரு இயக்குநரிடம் கொடுத்தால் முதல் பாதி தயார். டங்கன் இதை எரிபொருளாக ஆக்கிக்கொள்ளவே இல்லை. அம்மாவுக்குக் கொடுத்த வாக்குப்படி பட்டம் வாங்கினார். வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம், உளவியல். பாதியில் விட்டுவிட்டுப் போயிருந்தால் கோடிகள் காத்திருந்தன. அங்கே படிக்கும்போது, தற்பெருமைக்காரர்கள் மீது மற்றவர்களுக்கு ஏன் எரிச்சல் வருகிறது என்ற ஆய்வுக் கட்டுரையின் இணை ஆசிரியர்களில் அவரும் ஒருவர். 1997ல் ஒரு உளவியல் நூலின் அத்தியாயமாக அது வெளிவந்தது. அதே வருடம்தான் என்.பி.ஏ. டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார். சத்தமாகப் பேசுகிறவர்களின் லீக்குக்குள் ஒருவர் நுழைகிறார், அந்தச் சத்தத்தைப் பற்றி ஏற்கெனவே படித்துவிட்டு! நாவலில் எழுதினால் எடிட்டர் வெட்டிவிடுவார்.

இனி ஆட்டம். அவருடைய கையெழுத்து பேங்க் ஷாட். இடது பக்கம், வளையத்துக்கு ஏறக்குறைய 45 டிகிரி கோணத்தில் நின்று, பின்னாலிருக்கும் கண்ணாடிப் பலகையில் பந்தை அடித்து உள்ளே விழ வைப்பது. பள்ளிக்கூடத்தில் முதல் வாரம் சொல்லிக்கொடுத்துவிட்டு எல்லோரும் மறந்துவிடுகிற ஷாட். நேராக வளையத்துக்குப் போடுகிற பந்து சுத்தமாக நுழையும்போது வலை மட்டும் அசையும், பார்க்க அழகு. பலகையில் பட்டு விழும்போது 'டொக்' என்று ஒரு சத்தம், கொஞ்சம் அசிங்கம்கூட. ஆனால் அந்தக் கோணத்தில் பலகை உங்கள் பிழையைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்கிறது. பொறியியல் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு தனி சந்தோஷம் வரும்: பிழைக்கு இடம் விட்டு வடிவமைப்பது. டங்கன் 26,496 புள்ளிகள் எடுத்தார். அதில் உங்களுக்கு நினைவிருக்கிற டங்க் எத்தனை?

2003 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தை யூடியூபில் முழுசாகப் பாருங்கள், ஹைலைட்ஸ் வேண்டாம். 21 புள்ளிகள், 20 ரீபவுண்ட், 10 அசிஸ்ட், 8 பிளாக். மூன்று நிமிட ஹைலைட்ஸில் இது சாதாரணமாகத் தெரியும். முழு ஆட்டத்தில்தான் ஒன்று புலப்படும்: நியூ ஜெர்சிக்காரர்கள் மெல்ல மெல்ல உள்ளே வருவதையே நிறுத்துகிறார்கள். ஓர் ஆள் அங்கே நிற்கிறார் என்பதற்காகப் போடப்படாத ஷாட்டுகள் எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது.

இதுவரை சொன்னது டங்கன் ரசிகர்களுக்குப் பிடிக்கும். இனி சொல்வது பிடிக்காது. 'போரிங்' என்ற வசைக்கு அவர்கள் கொடுக்கிற பதில் 'அடக்கம்'. மௌன முனிவர், தியாகி, கம்பெனிக்கு விசுவாசமானவர். இதுவும் ஒரு டெம்ப்ளேட்தான், கொஞ்சம் பக்தி கலந்தது. உண்மையில் இந்த மனிதர் நடுவர்களிடம் ஓயாமல் முறையிட்டவர். ஃபவுல் கொடுத்தால் கண் இரண்டும் தட்டு மாதிரி விரியும், 'நானா?' என்பது போல. 2007 ஏப்ரலில் டல்லாஸில், பெஞ்சில் உட்கார்ந்து சிரித்ததற்காக நடுவர் ஜோயி க்ராஃபோர்ட் அவரை வெளியே அனுப்பினார். அந்த சீசனின் மிச்சத்துக்கு சஸ்பெண்ட் ஆனது நடுவர்தான். போரடிக்கிற ஆள் சிரித்தே வெளியேறிய கதை.

விசுவாசமும் அப்படித்தான். 2000ல் ஆர்லாண்டோ அணியோடு பேசப் போனார், கிட்டத்தட்ட சேர்ந்தே விட்டார். பிறகு முடிவை மாற்றிக்கொண்டார். அது ஒரு மனிதர் கணக்குப் போட்டு எடுத்த முடிவு, சபதம் அல்ல. 2012ல் ஆண்டுச் சம்பளம் 2.1 கோடி டாலரிலிருந்து ஒரு கோடிக்கும் கீழே போகச் சம்மதித்தார், அணி மற்றவர்களை வைத்துக்கொள்ள முடிந்தது. இதை மேனேஜ்மென்ட் புத்தகக்காரர்கள் விடுவார்களா? 'அணிதான் முக்கியம், நான் இல்லை.' அப்ரைசல் நேரத்தில் இந்த மாதிரி ஸ்லைடு பார்த்தவர்களுக்குத் தெரியும் நான் எதைச் சொல்கிறேன் என்று. டங்கன் அதற்கு முன்பே கோடிகளில் சம்பாதித்துவிட்டவர். எந்த வீரரை யாருக்குத் தரலாம் என்பதில் அவருடைய சொல்லுக்கு எடை இருந்தது. அதோடு, பயிற்சியாளர் பாப்போவிச் எல்லோர் முன்னாலும் முதலில் திட்டுவது டங்கனைத்தான். அவரே வாங்கிக்கொண்டால் மற்றவர்கள் என்ன சொல்ல முடியும்? அந்த அமைப்பில் அவருக்கு அதிகாரம் இருந்ததால்தான் திட்டு வாங்குவது ஒரு கொடையாக இருந்தது. அதிகாரம் இல்லாதவன் வாங்குகிற திட்டு வெறும் திட்டு. டங்கனின் மௌனத்தை எடுத்து இருபத்தைந்து வயசுப் பையன்களுக்கு முன்மாதிரியாகக் காட்டுவது மோசடி என்றே நினைக்கிறேன்.

போரிங்கும் இல்லை, முனிவரும் இல்லை என்றால் யார்? 2013 இறுதித் தொடர்தான் எனக்கு அவரைக் காட்டியது. ஆறாவது ஆட்டம், 28 நொடி மிச்சம், ஸ்பர்ஸ் 5 புள்ளி முன்னிலை. கோப்பையைக் கொடுக்க மைதானத்தைச் சுற்றிக் கயிறு கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். கடைசித் தற்காப்பில் பாப்போவிச் டங்கனை பெஞ்சில் உட்கார வைத்தார். மயாமி போட்டது தவறியது. டங்கன் இருந்திருந்தால் ஒருவேளை எடுத்திருக்கக்கூடிய ரீபவுண்டை க்ரிஸ் பாஷ் எடுத்து வெளியே தள்ள, ரே ஆலன் மூலையிலிருந்து போட்டார். 5.2 நொடியில் சமன். கூடுதல் நேரத்தில் தோல்வி.

ஏழாவது ஆட்டத்தில் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது ஸ்பர்ஸ் 2 புள்ளி பின்தங்கியிருந்தது. தன்னைவிடக் குள்ளமான ஷேன் பாட்டியர் மேல், வளையத்துக்குப் பக்கத்தில், டங்கன் ஒரு ஹூக் போட்டார். வாழ்நாளில் ஆயிரக்கணக்கில் போட்ட ஷாட். தவறியது. திரும்பத் தட்டிவிட்டார், அதுவும் தவறியது. ஓடிவந்து தற்காப்புக்குக் குனிந்தவர் இரண்டு கையாலும் தரையை ஓங்கி அறைந்தார். 16 வருடத்தில் கேமராவுக்குக் கிடைத்த ஒரே வசனம் என்று அதைச் சொல்லலாம், வாய் திறக்காத வசனம். அந்த ஆட்டம் தன்னை எப்போதும் துரத்தும் என்று பிறகு சொன்னார்.

அடுத்த வருடம் மேற்குப் பிரிவை ஜெயித்தவுடன், மைக்கில், இன்னும் நான்கு வெற்றி பாக்கி, இந்த முறை முடித்துவிடுவோம் என்கிற மாதிரி ஒன்று சொன்னார். அவர் அப்படிப் பேசியது பலருக்கு ஆச்சரியம். எதிரே அதே மயாமி. பழிவாங்கல் கதைக்கு எல்லாம் ரெடி. ஸ்பர்ஸ் 4-1 என்று ஜெயித்தது. நான்கு வெற்றியும் 15 புள்ளி அல்லது அதற்கு மேல் வித்தியாசத்தில். கடைசி நொடி ஷாட் என்று ஒன்றுகூட தேவைப்படவில்லை. பந்து ஐந்து பேர் கையிலும் சுற்றிக்கொண்டே இருந்தது, தொடரின் சிறந்த வீரர் விருது 22 வயது கவாய் லெனர்டுக்குப் போனது, 38 வயது டங்கன் தன் இரண்டு குழந்தைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.